தராசுக்காரர் குழியில் இறங்கிய கதை

தராசுக்காரரைத் தெரியாத கடை அந்த வட்டாரத்தில் கிடையாது. நகைக்கடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் சின்னத் தராசிலிருந்து லாரி ஏறி நிற்கும் எடை மேடை வரை எல்லாம் அவர் கை பட்டவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவர். பெரிய படிப்புப் படித்தவர்கள் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே, தட்டை நாலு தட்டுத் தட்டிப் பார்த்து எந்த மூலையில் கோளாறு என்று சொல்லிவிடுவார். முப்பத்தோரு வருடத்தில் அவர் சரிபார்த்த தராசு ஒன்றுகூட எடை சரியென்று அரசு முத்திரை குத்த வரும் அதிகாரி முன்னால் தலைகுனிந்ததில்லை. இதில் ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை; போய் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்டவர்தான் ஒரு நாள் காலை எடை மேடையின் குழி வாயில் மாட்டிக்கொண்டார்.

லாரி நிற்கும் இரும்புத் தளத்துக்குக் கீழே ஓர் ஆள் தவழ்கிற உயரத்தில் குழி இருக்கும். எடையை உணர்கிற இரும்புக் கட்டைகள் அங்கேதான் நாலு மூலையிலும் உட்கார்ந்திருக்கும். அவற்றைத் துடைத்துச் சரிபார்க்க, தளத்தில் ஒரு சின்ன வாய் விட்டிருப்பார்கள். ஒரு முழம் நீளம், ஒரு சாணும் நாலு விரலும் அகலம். அவ்வளவுதான். கட்டியவன் ஒல்லியாக இருந்திருக்க வேண்டும். தராசுக்காரர் எத்தனையோ வருடமாக அதில் இறங்கி ஏறியவர். அன்றைக்கும் வழக்கம்போல் காலை விட்டார், இடுப்பை விட்டார். வயிறு மட்டும் "நான் வரமாட்டேன்" என்றுவிட்டது.

கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. அழுக்கு வேலைக்கென்று போடும் நீல உடுப்பின் நடுப் பொத்தான் தெறித்து ஒரு டிரைவரின் காலடியில் போய் விழுந்தது. எடை போட வரிசையில் நின்ற ஏழெட்டு லாரிக்காரர்களும் இறங்கி வந்து, தளத்தில் ஏறாமல் ஓரமாகச் சுற்றி நின்றார்கள்.

"அண்ணே, நல்ல மூடி! மழைத் தண்ணி ஒரு சொட்டு உள்ள போகாது!"

"ஏய், எடை போர்டைப் பாருங்கடா! நூறு காட்டுது! நூறு கிலோ மூடி!"

"அது இருபது இருபதாத்தான்டா எண்ணும்!" என்று மாட்டிக்கொண்ட நிலையிலும் தராசுக்காரர் கத்தினார். "நான் தொண்ணூத்தொண்ணுடா!"

யார் கேட்டார்கள்? லாரி எடை மேடைக்கு மனிதன் ஒரு தூசு. எழுபதிலிருந்து தொண்ணூறு வரை எண்பது என்று காட்டும், அதற்கு ஒரு கிலோ மேலே போனால் நூறு என்று காட்டும். ஆனால் சிரிக்க வந்தவனிடம் இந்தக் கணக்கைச் சொல்லி என்ன செய்வது. மச்சினனும் இரண்டு டிரைவர்களும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கித்தான் வெளியே எடுத்தார்கள். குழி வேலையை மச்சினன் இறங்கி முடித்தான். மனைவியின் தம்பி, கூடவே டார்ச் பிடித்து வரும் கையாள், நாற்பது வயது, தென்னங்குச்சி உடம்பு. எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான். ஆனால் எதையும் பாதியோடு துடைத்துவிட்டு "ஆச்சு அத்தான்" என்று வந்துவிடுகிற ரகம்.

எடை மேடையின் முதலாளி அன்று மாலை பக்குவமாகத்தான் சொன்னார். "வயசாயிடுச்சு, விடுங்க. குழிச் சாவியை உங்க மச்சினன்கிட்டயே குடுத்துடுங்க. நீங்க மேல நின்னு பாத்தா போதும்."

மேலே நின்று பார்ப்பவன் மேஸ்திரி. கீழே இறங்குபவன்தான் தராசுக்காரன். இதை முதலாளிக்கு எப்படி விளக்குவது? தராசுக்காரர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "இன்னும் மூணரை மாசத்துல முத்திரை போட அதிகாரி வருவாரு. அன்னிக்கு நானே இறங்குவேன். இறங்கலேன்னா அங்கேயே, எல்லார் முன்னாலயும், சாவியை அவன் கையில குடுத்துடறேன்."

சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முதலில் பழைய நோட்டைத் தேடி எடுத்தார். சிரமமில்லாமல் குழியில் இறங்கிய காலத்தில் தன் எடை எழுபத்தெட்டு என்று அதில் குறித்திருந்தார். சரி, எழுபத்தெட்டு. கடைச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதினார். பிறகு சாப்பாட்டை நிறுத்தினார். காலையில் டீ, மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி தண்ணீர். மூன்று வாரத்தில் தராசு எண்பத்தாறு காட்டியது. வெற்றி என்று நினைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். வயிறு இருந்த இடத்திலேயே இருந்தது. முகம்தான் இளைத்திருந்தது; கன்னம் உள்ளே போய், கழுத்துத் தோல் தொங்கி, பத்து வயது கூடியவர் மாதிரி இருந்தார்.

"என்னங்க இது, மூஞ்சி பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி. வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டு நாலு தெருவுக்கும் தைத்துக் கொடுப்பவள். துணியோடுதான் எதையும் ஒப்பிடுவாள். "குறைக்கிறது வயித்தையா, ஆயுசையா?"

அதற்கு அடுத்த நாளே கடையில் இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கும்போது கை நடுங்கி, கல் நழுவி, பழுது பார்க்க வந்திருந்த தராசின் தட்டிலேயே விழுந்தது. முப்பத்தோரு வருடத்தில் அவர் கை நழுவியது அதுதான் முதல் தடவை. தட்டு வளைந்துபோயிற்று. தராசின் சொந்தக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பக்கத்துத் தெருவில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவள். முப்பத்தைந்து வயதிருக்கும். கோபப்படாமல் கல்லைத் தூக்கி ஓரமாக வைத்தாள், ஒரே கையால்.

"அண்ணே, பட்டினி கிடக்கிறீங்களா?"

"எடை குறைக்கறேன்மா."

"குறைஞ்சது கொழுப்பு மட்டுமில்லண்ணே, சதையும் சேர்ந்து போயிருக்கு. அதான் கை நடுங்குது. முட்டை, பருப்பு, மீன், கீரை, இதையெல்லாம் வயிறார சாப்பிடுங்க. சோத்தைப் பாதியாக்குங்க, டீக்குச் சக்கரை வேணாம், பிஸ்கட் வேணவே வேணாம். தினமும் முக்கால் மணி நேரம் வேகமா நடங்க. அப்புறம்…" கடையைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தாள். "நாங்க காசு குடுத்து வாங்கி வச்சிருக்கிற சாமானெல்லாம் இங்க சும்மா கிடக்கு. அஞ்சு கிலோ, பத்து கிலோ, இருபது கிலோ. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தூக்குங்க. உக்காந்து எழுந்திரிங்க. தராசுல மட்டும் ஏறாதீங்க. இடுப்பை டேப்பால அளங்க."

கடைசிப் பேச்சுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. தராசுக்காரனிடம் வந்து தராசை நம்பாதே என்றால்? "டேப்பு ஒரு அளவாம்மா? இழுத்துப் பிடிச்சா குறையும், விட்டுப் பிடிச்சா கூடும். முத்திரை இல்லாத அளவு எனக்கு வேணாம்." அவள் கொடுத்த டேப்பை வீட்டில் தூக்கிப் போட்டார். அது மனைவியின் தையல் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

மற்றதெல்லாம் செய்தார். ஒரு வேலையை எடுத்தால் எடுத்ததுதான், அவரை வேறு யாரோடும் ஒப்பிட முடியாது. விடிந்ததும் நடப்பார், வேட்டை நாய் துரத்துவது மாதிரி. கடை திறந்ததும் எடைக்கற்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுவார். சாமான் கொடுக்க வருபவர்கள் வாசலிலேயே நின்று எண்ணுவார்கள். எதிர்க் கடை டீக்காரர், "அண்ணே, சட்டை தோள்ல பிடிக்குது போல, மறுபடியும் மாப்பிள்ளை ஆகப் போறீங்களா?" என்று கேட்டார். இவர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார்.

ஏனென்றால் தராசு அசையவில்லை. எண்பத்தைந்து. மறுவாரம் எண்பத்து நாலரை. அதற்கடுத்த வாரம் மறுபடி எண்பத்தைந்து. நாளைக்குப் பத்துத் தடவை ஏறினார். குளிப்பதற்கு முன், குளித்த பின். தண்ணீர் குடிக்கும் முன், குடித்த பின். ஒரு நாள் முகச்சவரம் செய்துவிட்டு ஏறிப் பார்த்தார். ஐந்தாவது வாரம் தராசின் மேலேயே சந்தேகம் வந்து அதைக் கழற்றிப் போட்டுத் துடைத்துப் பூட்டினார். எடைக்கற்களை வைத்துப் பார்த்தார், நூல் பிசகவில்லை. பிறகு எடைக்கற்களின் மேலேயே சந்தேகம் வந்தது. அவற்றை ஒன்றோடு ஒன்று நிறுத்துப் பார்த்தார். அவையும் சரி. எல்லாம் சரி, அவர் ஒருவர்தான் தப்பு.

ராத்திரி படுத்தால் புரளுவார். சாப்பிடும்போது பாதியில் எழுந்துபோய்ச் சுவரில் எழுதிய எண்ணைப் பார்த்துவிட்டு வருவார். முத்திரை நாளுக்கு இன்னும் இருபது நாள், பதினைந்து, பத்து.

"கால்சட்டைகூட அப்படியேதான் இருக்கு இடுப்புல. ஒரு விரல் தளரல," என்று மனைவியிடம் முறையிட்டார்.

அவள் மிஷினை மிதித்துக்கொண்டே "ம்" என்றாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

முத்திரை நாள் காலை தராசு எண்பத்து நாலு நானூறு காட்டியது. எழுபத்தெட்டுக்கு இன்னும் ஆறு கிலோவுக்கு மேல். தராசுக்காரர் தராசை விட்டு இறங்கினார். பிறகு குழிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், கொடுப்பதற்கு.

எடை மேடையில் கூட்டம் கூடியிருந்தது. விஷயம் எப்படியோ பரவிவிட்டது. அன்றைக்குப் பொத்தான் காலில் விழுந்த டிரைவர், லாரி மேல் ஏறி உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முத்திரை அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீயே இறங்குடா," என்றார் தராசுக்காரர் மச்சினனிடம், மெதுவாக.

மச்சினன் முகம் மலர்ந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எத்தனை நாளைக்குத்தான் ஒருவன் டார்ச் பிடித்துக்கொண்டே நிற்பான். "சரி அத்தான். நீங்க மேலேர்ந்து குழி மூடியை மட்டும் தூக்கிக் குடுங்க." மூடி என்ற சொல்லைக் கேட்டதும் லாரி மேலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

மூடியைத் தூக்கினாலும் கிரீஸ் படும். சாமான் பெட்டியில் மூன்றரை மாதமாகச் சுருண்டு கிடந்த நீல உடுப்பை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். நடுப் பொத்தான் இல்லாத இடத்தை மறைக்கத் துணியை இழுத்தார். துணி வந்தது. இன்னும் வந்தது. ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் ஏறி, விலா வரைக்கும் வந்து, கை நிறைய மிச்சம் நின்றது. விட்டுவிட்டு மறுபடி இழுத்தார். மறுபடியும் கை நிறைய.

சாப்பாட்டுக் கூடையோடு ஓரமாக நின்றிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"இதைப் பிரிச்சுப் பெரிசாத் தெச்சியா?"

"அந்தக் கிரீஸ் துணியை என் மிஷின்ல விடுவேனா? மத்த கால்சட்டையெல்லாம்தான் இடுப்புல மூணு தடவை பிடிச்சுத் தெச்சேன். ரோட்டுல அவுந்து விழுந்துடப் போகுதேன்னு."

"மூணு தடவையா? ஏன்டி சொல்லல?"

"நீங்க என்னை எங்க கேட்டீங்க? தராசைத்தானே கேட்டீங்க. கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் நீங்கதானே சொல்வீங்க, தராசு எவ்வளவுன்னு சொல்லும், என்னதுன்னு சொல்லாதுன்னு. இடுப்பு பதினாறு சென்டிமீட்டர் போயிருக்கு. அந்தப் பொண்ணு குடுத்த டேப்புலதான் அளந்தேன், நீங்க தூங்கும்போது."

தராசுக்காரர் குழிப் பக்கம் திரும்பினார். மச்சினன் அதற்குள் மூடியைத் தானே நகர்த்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் குழி வாயில் ஒரு காலை விட்டிருந்தான்.

"டேய், ஏறு மேல. டார்ச்சைக் குடு."

"அத்தான், வேணாம். மறுபடியும்…"

"குடுடா!"

தராசுக்காரர் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டார். காலை விட்டார். இடுப்பை விட்டார். வயிறு இரும்பில் உரசியது, ஒரு கணம் நின்றது. மூச்சை விட்டார். வயிறு உள்ளே போயிற்று. ஒரு கையை மேலே தூக்கித் தோளைச் சாய்த்தார். தலை மறைந்தது.

கீழே இருட்டில் தவழ்ந்தபோதுதான் அவருக்குத் தன் கைகளின் பலம் தெரிந்தது. முன்பெல்லாம் இரண்டாவது மூலைக்கே மூச்சு வாங்கும். இப்போது மூன்றாவது மூலைக்கு நேராகப் போனார். அங்கே இரும்புக் கட்டைக்கும் தளத்துக்கும் நடுவில் காய்ந்த சேறு, அதற்குள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு ஜல்லிக்கல். மச்சினன் "ஆச்சு அத்தான்" என்று வந்த மூலை. கல்லைச் சுரண்டி எடுத்துக் குழி வாய் வழியாக மேலே எறிந்தார். அது மச்சினன் பக்கத்தில் டங்கென்று விழுந்தது. மச்சினன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கும் முன் பையில் போட்டுக்கொண்டான்.

அதிகாரி சோதனைக் கற்களை நாலு மூலையிலும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். நாலும் ஒரே எண். முத்திரை விழுந்தது.

மேலே வரும்போது மறுபடியும் மாட்டியது. வயிறு இல்லை, தோள். எடைக்கல் தூக்கித் தூக்கி அகன்றுபோன தோள். அவர் முதலில் வலது கையை வெளியே நீட்டினார், உடம்பை ஒரு திருகு திருகினார், யார் கையும் இல்லாமல் தானே உந்தி வெளியே வந்து தளத்தில் நின்றார். முகமெல்லாம் கிரீஸ்.

"மூடி திறந்துடுச்சுடோய்!" என்று லாரி மேலிருந்தவன் கத்தினான். பட்டப்பெயர் போகவில்லை. அது இனிப் போகாது.

எல்லோரும் தளத்தைவிட்டு இறங்கினார்கள். தராசுக்காரர் மட்டும் இறங்கவில்லை. பழகிப்போன கால், தராசு என்றால் ஏறி நிற்கத்தான் கேட்கிறது.

"என்ன காட்டுது?" என்றார் போர்டுப் பக்கம் பார்க்காமலே.

"எண்பது!" என்றார் முதலாளி, நாற்காலியிலிருந்து எழுந்து. "அன்னிக்கு நூறு, இன்னிக்கு எண்பது! மூணரை மாசத்துல இருபது கிலோ! எப்படிங்க?"

டிரைவர்கள் ஓவென்று கத்தினார்கள். தராசுக்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். இடுப்பில் தளர்ந்திருந்த துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கினார். மேடை இருபது இருபதாகத்தான் எண்ணும் என்பதை இந்தத் தடவை அவர் யாருக்கும் சொல்லவில்லை.