கழுவக் கூடாத கல்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டிருந்த சமயத்தில் நடந்தது இது. ராயபுரத்தில், கடல்மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துக் காட்டும் சின்னக் காட்சிசாலை ஒன்றில் எனக்குத் துப்புரவு வேலை. அதற்கு முன் முப்பது வருஷம் மீன் விற்றவள். என் கூடையில் ஈ உட்காராது என்று டோல்கேட் வரைக்கும் பேர். செத்த மீனை அவ்வளவு சுத்தமாக வைத்தவளுக்கு உயிர் மீனை வைத்துக்கொள்ளத் தெரியாதா என்ற நினைப்போடுதான் போய்ச் சேர்ந்தேன்.

பெரிய தொட்டியில் ஒரு களவா மீன். அந்த ஜாதியை எத்தனையோ துண்டு போட்டிருக்கிறேன். இது மட்டும், நான் கண்ணாடி துடைக்கும்போது துணி போகிற பக்கமெல்லாம் கூடவே வரும். தடித்த உதடும் முறைப்புமாக, என் மாமியாரேதான். காலையில் என்னைப் பார்த்ததும் வந்து நிற்கிற ஜீவன் எனக்கு அது ஒன்றுதான்.

தண்ணீரை வடிகட்டி, காற்று ஏற்றி, மீன்களின் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். நாற்பது வயதிருக்கும், வியாசர்பாடிக்காரர். மோட்டார் சத்தம் மாறினால் சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடுவார். அவரை நான் நைனா என்பேன்.

மச்சான் கல்யாணத்துக்கு அவர் இரண்டு நாள் லீவு போட்டார். வடிகட்டிப் பெட்டியின் மூடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் இரண்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டினால் வந்துவிடும். ‘உள்ளே இருக்கும் கல்லைக் கழுவக் கூடாது.’ திறந்தால் கல்லெல்லாம் பழுப்பேறி, பாசி பிடித்தது போல வழவழவென்று. கழுவச் சோம்பல்பட்டுத் தாள் ஒட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, நாலு தண்ணீர் மாற்றி அலசி, வெயிலில் உலர்த்தினேன். பச்சரிசி மாதிரி வெளுத்துவிட்டது. நைனா வந்து பார்த்து அசந்து போவார் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை தொட்டி கஞ்சித் தண்ணீர் போல மங்கிக் கிடந்தது. துணியை ஆட்டினேன். களவா வரவில்லை. அடியில் சாய்ந்து கிடந்தது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கு என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். அன்றைக்கு அந்தச் செவுளை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் லீவு முடிந்து நைனா வந்தார். சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து மருந்து சொட்டினார். மஞ்சளாக நிற்க வேண்டியது கரும்பச்சையானது. மீன் கழிவு விஷமாகிவிட்டது என்றார். பெட்டியைத் திறந்து வெள்ளைக் கல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“யம்மா, அந்த வழவழப்புலதான் உசுரு கீது. கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்கோ. மீனு கழியறத அதுங்கதான் துன்னுகினு இருந்துச்சிங்கோ.”

முதலாளி வந்தார். தொட்டியைக் கெடுத்தவனுக்கு இனி இங்கே வேலை இல்லை என்று நைனாவைப் பார்த்துக் கத்தினார். நைனா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது சார். நான் வாயால சொல்லிட்டுப் போயிருக்கணும். தப்பு என்னுது.”

நான் சும்மா நின்றிருந்தால் போதும், என் வேலை தப்பிக்கும். ஆனால் தாங்கவில்லை.

“எனக்குப் படிக்கத் தெரியும் சார். படிச்சிட்டுத்தான் கழுவுனேன்.”

முதலாளி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மீன் பிழைத்தால் இரண்டு பேரும் இருங்கள், செத்தால் இரண்டு பேரும் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தினமும் பாதித் தண்ணீரை இறைத்துப் புது உப்புத் தண்ணீர் விட்டோம். சின்னத் தொட்டிகளின் வடிகட்டியில் நான் கை வைக்காமல் விட்டிருந்த பழுப்புக் கற்களில் கொஞ்சம் எடுத்து வந்து கலந்தோம். குழந்தையைத் தூக்குவது போல அவற்றை ஈரம் காயாமல் தூக்கி வந்தேன். “இன்னா யம்மா, சோப்பு போடலியா?” என்பார் நைனா. சிரிக்கத்தான் முடிந்தது.

ஒன்பதாம் நாள் குழாயில் மஞ்சள் நின்றது. கண்ணாடியைத் துடைத்தேன். களவா மெதுவாக எழுந்து, துணியின் பின்னாலேயே வந்து முறைத்தது.

இந்த அமளியில் மூடியில் இருந்த தாள் நனைந்து கிழிந்துவிட்டது. புதுத் தாளை நைனா என்னிடம் நீட்டி, அதே வரியை நீயே எழுது என்றார். கோணல் எழுத்துதான், இன்றைக்கும் அங்கே இருக்கிறது. எனக்காகத் தன் வேலையையே விடத் துணிந்த மனுஷர் எழுதியிருந்த ஒரு வரியை அன்றைக்கு நம்பாமல் போனேனே என்று, தினமும் அதை ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் துணியைக் கையில் எடுக்கிறேன்.