மூன்று சர்வர், ஒரே விமானம்

குகன் அண்ணையின் லாப்டாப் மேல் பால்தேத்தண்ணி கவிழ்ந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

அவர் எங்கள் ஒஸ்லோ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் செயலாளர். மாணவர் பதிவு, புள்ளிகள், சான்றிதழ்கள்... இத்தனை வருடத்துச் சங்கதியும் அந்த ஒரே லாப்டாப்பில். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார். எப்படியோ பிழைத்துக்கொண்டது. என் மூளை சும்மா இருக்குமா?

"அண்ணை, எல்லாத்தையும் கிளவுட்டிலை போடுவம். மூண்டு சர்வர். ஒண்டு செத்தாலும் மற்ற ரெண்டும் நிண்டு வேலை செய்யும்."

"சாகிற சாமானை ஏன் பிள்ளை மூண்டு எடுக்கிறாய்?"

நல்ல கேள்வி. அப்போது சிரித்தேன்.

மூன்று வாரம். அலுவலகம் போகவர டீ-பான மெட்ரோ ரயிலில் இருந்தபடியே கட்டி முடித்தேன். ஒரு சர்வர் ஒஸ்லோவில், ஒன்று ஸ்டாக்ஹோமில், ஒன்று பிராங்பேர்ட்டில். எழுதும் ஒவ்வொரு வரியும் மூன்று ஊரிலும் பதியும். எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டது. பழைய லாப்டாப்? பாதுகாப்புக்காக நானே சுத்தமாகத் துடைத்துவிட்டேன்.

உச்சக்கட்ட சாமர்த்தியம் பூட்டில் இருந்தது. சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் தானே பூட்டிக்கொள்ளும். திறக்க மூன்று இரகசியத் திறப்புகளில், அதாவது நீண்ட கடவுச்சொற்களில், இரண்டு வேண்டும். மூன்றையும் தாளில் அச்சடித்து மூன்று பேருக்குக் கொடுத்தேன்: மோர்டென்ஸ்ருட்டில் அதிபர் செல்வி அக்கா, ரொம்மனில் குகன் அண்ணை, வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலை ராசன் அண்ணை. ஒஸ்லோவே மூழ்கினாலும் பாட்ஸ்பியோர்ட் மிதக்கும் அல்லவா? என்னிடம் ஒரு திறப்பும் இல்லை. நானே தனியாகத் திறக்கக்கூடாது என்பது நானே எழுதிய விதி.

போன வியாழன் ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. ஆர்வக்கோளாறு... ஒன்றன்பின் ஒன்றாக மூன்றையும் ரீஸ்டார்ட் செய்தேன். மூன்றும் எழுந்தன. மூன்றும் பூட்டிக்கொண்டன.

சரி, ஆறுதலாகத் திறக்கலாம் என்று மதியச் சாப்பாட்டில் கை வைக்கிறேன்—போன். பள்ளியின் பழைய மாணவி அபி.

"அக்கா, குழந்தையள் காப்பகத்திலை வேலை ஒண்டு. தமிழ் தெரிஞ்ச ஆள் வேணுமாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேக்கினம். என்ரையது வீடு மாறேக்கை துலைஞ்சிட்டுது. ஒரு பிரதி அனுப்புறீங்களே? ஃப்ரிஸ்ட், கடைசி நேரம், இண்டைக்கு மூண்டு மணி."

"ஓம் ஓம், ரெண்டு நிமிசம்."

மணி ஒன்றே முக்கால். குகன் அண்ணைக்கு அடித்தேன், எடுக்கவில்லை. செல்வி அக்கா, எடுக்கவில்லை. ராசன் அண்ணையின் போனும் செத்துக் கிடந்தது.

அப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமை டொராண்டோவில் ராசன் அண்ணையின் மகளுக்குக் கல்யாணம். செல்வி அக்கா பெண்ணின் மாமி. குகன் அண்ணை மாப்பிள்ளை பக்கம். மூவரும் ஒரே விமானத்தில், அட்லாண்டிக் மேலே. மூவரும் எனக்கும் தூரத்துச் சொந்தம், அழைப்பு வந்தது. லீவு இல்லை, வர முடியாது என்று பதில் எழுதியவளும் நான்தான்!

ஊருக்கு ஊர் தூரம் பார்த்தேன். சொந்தம் பார்க்கவில்லை.

இதற்கிடையில் அபி: "அக்கா, ரெண்டு இருவது..."

பேக்கப்? இருக்கிறதே. அதற்கும் அதே பூட்டு. அவ்வளவு பாதுகாப்பு.

வேறு வழியில்லாமல் அம்மாவுக்கு அடித்தேன். அழுவதற்கு.

"உதுக்கே இப்பிடிப் பதகளிக்கிறாய்? திறப்பு குடும்பக் குரூப்பிலை கிடக்குது."

"என்னது?"

"குகன் போட்டோ எடுத்துப் போட்டவன், 'ஒருத்தரும் அழிச்சுப்போடாதேங்கோ' எண்டு. அதைப் பாத்திட்டுச் செல்வியும் தன்ரையைப் போட்டவள். நீ எங்கை பாக்கிறது? காலை வணக்கப் பூக்கள் வருகுதெண்டு குரூப்பை விட்டுப் போன ஆளெல்லே!"

அடுத்த நிமிடம் இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் என் இரகசியத் திறப்பு, பாதி கடித்த வடைக்குப் பக்கத்தில். கீழே டொராண்டோ சித்தி 'வாழ்த்துகள்' என்று பூங்கொத்துப் போட்டிருந்தார். பாரிஸிலிருந்து மூன்று கும்பிடு.

இரண்டே முக்காலுக்குப் பூட்டுத் திறந்தது. ஐந்து நிமிடத்தில் சான்றிதழ் போனது. மூன்றுக்கு ஒரு நிமிடம் இருக்க அபி எழுதினாள்: "அனுப்பியாச்சு அக்கா!"

எத்தனை கண்டத்தில் பிரதி, எந்த நேரமும் விழித்திருக்கும் ஆட்கள், எதையும் தொலைக்காத ஞாபகம்... நான் மூன்று வாரம் மினக்கெட்டுக் கட்டியதை நம் ஆட்கள் எப்போதோ கட்டி முடித்துவிட்டார்கள். பாதுகாப்பு மட்டும்தான் கொஞ்சம் குறைவு.

விமானம் இறங்கியதும் குகன் அண்ணை போன் எடுத்தார். "பாத்தியே, நான் போட்டு வைச்சபடியாத்தான் தப்பினாய்!"

வெள்ளியன்றே திறப்புகளை மாற்றிவிட்டேன். இப்போது மூன்று புதிய ஆட்கள் தேவை. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகக்கூடாது. ஒரே குரூப்பில் இருக்கக்கூடாது. முகம் கொடுத்துக் கதைக்கவே கூடாது. ஒஸ்லோவில் இதற்கா பஞ்சம்? ஒரே நாளில் பட்டியலில் பதினொரு பேர்!

இனி முயல வேண்டியது ஒன்றுதான்—அவர்களில் இரண்டு பேரை, ஒரே நேரத்தில், ஒரே பூட்டைத் திறக்கச் சம்மதிக்க வைப்பது.