சிவப்புப் பொட்டு விழுந்த பிரியாணிக் கடை

அடுத்தவர் அடுக்களைக்குள் கால் வைக்காமலே அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதுதான் எங்கள் தொழில்.

திருச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் எனக்கு ராத்திரி வேலை. தூக்கமும் வராது, சாவி கேட்டு ஆளும் வராது என்ற நிலையில் நானாகவே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். ஓட்டல்களில் அதிகாரிகள் செய்யும் சுகாதாரச் சோதனை விவரங்கள் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. அவற்றை அலசி, குறை அதிகமென்றால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை என்று மேப்பில் பொட்டு வைப்பேன். தில்லை நகர் செந்தில் அதைத் தன் மொபைல் ஆப்பில் போடுவார். எக்செல் கட்டங்களோடு மாரடிக்கும் சக பாவிகளுக்கு இது புரியும்.

கேட்காமல் கிடைத்த பச்சை

ஆப்பில் புகார் சொல்லும் நம்பர் என்னுடையது. முதலில் வந்தது ஸ்ரீரங்கத்தில் மெஸ் நடத்தும் ஒரு மாமியின் போன். பச்சைப் பொட்டு வைத்ததற்கு நன்றி சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எங்காத்துத் தளிகைய ஒருத்தரும் வந்து பாக்கலையே, எதை வெச்சு சுத்தம்னு போட்டேள்?" என்றார்.

சோதனையே நடக்காத கடையில் குறையும் பதிவாகாது, அதனால் பச்சை என்று விளக்கினேன். மாமி சொன்னார்: "பாக்காம போட்ட மார்க் நேக்கு வேண்டாம். பாத்துட்டுப் போடுங்கோ."

ஊரிலேயே பெரிய சிவப்பு

என் மேப்பில் ஆகச் சிவந்த பொட்டு, பாலக்கரையில் நான் மதியம் சாப்பிடும் காசிம் பாய் கடை. பாய்க்கு நான் வெறும் 'லாட்ஜ் சார்'. துவாக்குடிப் பக்கத்து மாணவர் விடுதி ஒன்று வெள்ளிதோறும் அவரிடம் பிரியாணி எடுத்துவந்தது. மேப்பைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். இப்படியே போனால் சமையல் மாஸ்டரை அனுப்பிவிட வேண்டியதுதான் என்றார் பாய். பாய் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பொட்டு வெச்ச மகராசன் கையில கிடைச்சா அடிக்க மாட்டேன் சார். ஒரு பிளேட் வெச்சு, சாப்பிட்டுப் பாத்தியாடான்னுதான் கேப்பேன்."

இறங்காத ஷட்டர்

மறுபடி விவரங்களைக் கிளறினேன். பாய் கடையில் சோதனை நடந்த அதே நாட்களில், அந்தத் தெருவின் மற்ற கடைகளுக்கு நேராக 'கடை மூடியிருந்தது' என்றே இருந்தது. மூடிய கடைக்குக் குறை ஏது? எல்லாம் பச்சை. பாய் கடையின் குறைகளோ, மாஸ்டர் தலையில் தொப்பி இல்லை, குப்பைத் தொட்டிக்கு மூடி இல்லை என்ற ரகம். அடுத்த சோதனையில் ஒவ்வொன்றும் சரியாகியிருந்தது; நான்தான் குறையை மட்டும் எண்ணியிருந்தேன்.

"ரம்ஜானுக்கு முன்னாடி சோதனை ஜீப் வந்தப்ப, தெருவே மூடிக் கிடந்துச்சாமே, நீங்க மட்டும் ஏன் பாய் மூடலை?" என்று கேட்டேன்.

பாய் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "ஜீப் தெருமுனையில திரும்புனா எல்லாருக்கும் போன் வரும், எனக்கும் வரும். அண்டா தம்முல இருக்கு, மூடி மேல தணல் கிடக்கு. அதை விட்டுட்டு எங்கிட்டு சார் ஓடுறது?"

சாம்பல்

சோதிக்காத கடை, மூடியிருந்த கடை எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறம். குறையைச் சரிசெய்த கடைக்குப் பச்சை என்று மாற்றினேன். செந்தில் அலறினார். மாற்றாவிட்டால் இனி விவரம் தர மாட்டேன் என்றேன். முனகிக்கொண்டே போட்டார். "பொட்டெல்லாம் சாம்பலாப் போச்சு. இது மேப்பாண்ணே? சுடுகாடுண்ணே!"

ஒரு பிளேட்

விடுதிக்காரர்கள் புது மேப்பைப் பார்த்துக் குழம்பி, நேரிலேயே வந்து அடுக்களையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஆர்டர் திரும்பி வந்தது. மாஸ்டர் புதுத் தொப்பியோடு அண்டாவைத் திறந்துகொண்டிருந்தார்.

நான் எப்போதும்போல் ஓரமாக உட்கார்ந்தேன். கேட்காமலே பாய் ஒரு பிளேட் கொண்டுவந்து வைத்து, எதிரே அமர்ந்தார். "ஜீப் வந்த நாளு லாட்ஜ்ல இருக்கிற ஆளுக்கு எப்படித் தெரியும்னு அன்னைக்கே யோசிச்சேன்" என்றவர், பிளேட்டை என் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்க, மகராசா."

ஊர் முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடக்கும் அந்த மேப்பில் எனக்குத் தெரியாததுதான் அதிகம் என்றாலும், ஒரே ஒரு பொட்டுக்கு மட்டும் உப்பு, உறைப்பு வரை என்னால் சாட்சி சொல்ல முடியும்.