அஞ்சலட்டையில் இருந்த வழி

நான் வேலை பார்க்கும் இந்தக் கடற்கரை ஊரில், அடுத்தவருக்கு எழுதிய கடிதங்களைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரை இது. மாதம் ஒரு சனிக்கிழமை சர்ச் ஹாலில் பழம்பொருள் சந்தை கூடும். மேசை நிறைய அட்டைப்பெட்டிகள், அவற்றுக்குள் அந்தக் காலத்து விடுமுறை அஞ்சலட்டைகள். மீன்பிடி கிராமங்கள், கோட்டைகள், தேவாலயங்கள். பின்பக்கம் யாரோ யாருக்கோ எழுதிய நலவிசாரிப்பு. எழுதியவரும் இல்லை, பெற்றவரும் இல்லை. வாங்குகிறவர்கள் படித்துச் சிரிக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் நர்ஸ் நான். நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் யாருடைய கையெழுத்தாவது கண்ணில் பட்டுவிடுமோ என்று கூச்சமாக இருக்கும்.

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, ‘வெளிநாடு’ என்று எழுதிய பெட்டியைப் புரட்டும்போது எங்கள் மாதா கோவில் கையில் வந்தது. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே சின்னக் குப்பம் எங்களுடையது. கோவிலுக்கு இரண்டு கோபுரம் கட்ட நினைத்து ஒன்றோடு நிறுத்திவிட்டார்கள். இடது பக்கம் மொட்டையாக நிற்கும். பழுப்பேறிய படத்திலும் அப்படியே. கோவிலை ஒட்டிக் கடலுக்கு இறங்கும் மணல்வழி, ஓரத்தில் காயப்போட்ட வலைகள், கட்டுமரம் தூக்கிப் போகும் நாலு பேர். கோவிலை அல்ல, அந்த வழியைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வழி இப்போது இல்லை. நகரத்திலிருந்து வந்த ஒருவர் இடம் வாங்கிப் பங்களா கட்டி, குறுக்கே மதில் எழுப்பிவிட்டார். என் அண்ணன் அந்தோணியும் மற்றவர்களும் படகு இன்ஜினைக் கழியில் மாட்டி, முனைக்கு ஒருவராகத் தோளில் தூக்கிக்கொண்டு வெகுதூரம் சுற்றிப் போகிறார்கள். மனு கொடுத்த அலுவலகத்தில், வழி இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். டிசம்பர் லீவில் போயிருந்தபோது பார்த்தேன், அண்ணனுடைய வலது தோள் கறுத்துத் தடித்திருந்தது. தைலம் எடுத்துக்கொண்டு போனேன். “வுடும்மா, இது ஆறாது. தெனமும் தூக்கிகினுதான கீறேன்” என்று சட்டையைப் போட்டுக்கொண்டான்.

மேசைக்குப் பின்னால் இருந்த ஜீன் என்ற பெண்மணியிடம் படத்தைக் காட்டி, “இது என் ஊர்” என்றேன்.

“ஓ, விடுமுறைக்குப் போயிருந்தாயா?”

“அங்கேதான் பிறந்தேன். இந்த வழியை அடைத்துவிட்டார்கள்.”

“பாவம் நீ, இந்தக் குளிரில் அந்தக் கடற்கரைக்கு எவ்வளவு ஏங்கியிருப்பாய்!” என்று மெல்லிய தாளில் சுற்றிக் கொடுத்தார். என் ஆங்கிலத்தில் தப்பில்லை. ஆனாலும் நான் சொன்னது வழியை, அவர் காதில் விழுந்தது வெயில். விளக்கப் பொறுமையில்லாமல் வந்துவிட்டேன்.

அட்டையை அண்ணனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பின்பக்கத்து மங்கிய எழுத்தைப் படிக்க மெனக்கெடவில்லை. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் அலுவலகம் போய்விட்டு வந்து போன் செய்தான்.

“ஏம்மா ஸ்டெல்லா, பின்னாடி இன்னா எழுதிகீதுன்னு படிச்சியா?”

“மை அழிஞ்சிருந்துச்சுணா.”

“ஆபீசர் லென்சு வெச்சிப் படிச்சாரு. ‘அருமையான கடற்கரை, ஆள் நடமாட்டமே கிடையாது’ன்னு எவனோ வெள்ளக்காரன் எழுதிகீறான். ஊர் பேரு இல்ல, ‘மெட்ராஸ் அருகே’ன்னு மட்டும் அச்சடிச்சிகீது. திருப்பிக் குட்த்துட்டாரு.”

“ஒத்தக் கோபுரம் தெரியுதே, காட்டினியா?”

“காட்னேன். ஒத்தக் கோபுரம் எங்க வேணா இருக்கலாமாம். பேஜாரா பூட்ச்சிம்மா.”

போனை வைத்ததும் எரிச்சலில் அழுகை வந்தது. நாலு பேர் சுமை தூக்கிப் போகும் படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு ஆளே இல்லை என்று ஒருவரால் எழுத முடிந்திருக்கிறது. நானும் யோக்கியமில்லை. இந்த நாட்டுக் கடலோரக் கிராமங்களின் அட்டைகளை எத்தனை முறை புரட்டியிருப்பேன். அழகு என்று நினைத்ததோடு சரி, அந்தக் கரையில் யார் என்ன பாடுபட்டார்கள் என்று யோசித்ததில்லை.

அண்ணன் விடவில்லை. படத்தைப் பெரிய பிளெக்ஸாக அடித்து அந்த மதிலிலேயே கட்டினார்கள். குப்பத்துப் பெண்கள் வலைகளைக் கொண்டுவந்து அதன் கீழே விரித்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் பங்களாக்காரர் பேச வந்தார். வழி விடுகிறேன் என்றார். ஒரு மாதத்தில் மதிலில் ஓரிடத்தை மட்டும் இடித்துக் கதவும் வைத்தார். ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு போகிற சுழல் கம்பிக் கதவு.

“மனுசன் பூரலாம், இன்ஜின் பூராது” என்றான் அண்ணன். மறுபடியும் மனு எழுதியிருக்கிறார்கள்.

இங்கே காலை வேலைக்கு முன் நான் கடல்வரை நடப்பேன். தடம் ஓர் ஆட்டுப்பண்ணைக்குள் போகிறது. மக்கள் காலங்காலமாக நடந்த தடம் என்பதால் சட்டப்படி பண்ணைக்காரராலும் தடுக்க முடியாது. வேலியைத் தாண்ட அவரே மரப்படி போட்டிருக்கிறார். நேற்று அதன் மேல்படியில் நிற்கும்போது அண்ணன் வீடியோவில் வந்தான். கரை சேர்ந்து வியர்வையோடு நின்றான்.

“எங்க கீற?”

“கடலுக்கு நடந்து போறேன்ணா.”

“யாரு நெலம் அது?”

“யாரோ ஒருத்தரோடது. பேரு தெரியாது.”

“இரு, இன்ஜின தூக்கணும்” என்று போனை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். திரை இருண்டது. மணலில் புதையும் காலடியும், மூச்சிரைப்பும், மதிலைச் சுற்றிப் போகும் வரை கேட்டுக்கொண்டே இருந்தன. நான் எந்தப் பக்கமும் இறங்காமல் வேலியின் மேல் நின்றுகொண்டிருந்தேன்.