லேபிள் அறையில் இரண்டு டேட்டாபேஸ்

ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் நான் முதலில் கற்றுக்கொண்டது 'லைன் நிற்பது' என்ற பயத்தை. நாங்கள் கார் கதவுகளுக்கான ரப்பர் பட்டைகளைச் செய்து, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு பெரிய கார் தொழிற்சாலைக்கு அனுப்புகிறவர்கள். அவர்கள் கையிருப்பு அதிகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் லாரி நேரத்துக்குப் போகவில்லை என்றால் அங்கே கார்கள் நகர்கிற லைன் நின்றுவிடும். நின்றால் என்ன ஆகும் என்று யாரும் எனக்கு விளக்கவில்லை. அந்தப் பேச்சு வந்தாலே எல்லோருக்கும் குரல் தாழ்ந்துவிடும். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் சில பெண்களோடு சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதுவானாலும் என் தலையில்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், காலையில் வழக்கம்போல வேலைக்கு வந்து, சாயங்காலம் கேட்டில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஏன் என்று கேட்டால், "ஏதோ டேட்டா போச்சு" என்பதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. மேசை டிராயரில் அவருடைய சீப்பு கிடந்தது. அதை நான் எடுத்து எறியவும் இல்லை, தொடவும் இல்லை.

அந்த வருடம் கார் தொழிற்சாலை புதிதாக ஒரு விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் பார்கோடு லேபிள் இருக்க வேண்டும். ஒரே எண் இரண்டு பெட்டிகளில் வரவே கூடாது. எந்த எண்ணைக் கேட்டாலும், அது எந்த நாளில் எந்த மெஷினில் செய்த சரக்கு என்று உடனே சொல்ல வேண்டும். அவ்வளவு விவரத்தையும் அட்டவணை அட்டவணையாகச் சேர்த்துவைத்து, கேட்டதும் எடுத்துக் கொடுக்க ஒரு டேட்டாபேஸ் தேவைப்பட்டது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு வழி இருக்குன்னு சொல்றாங்க. பெரிய கம்பெனிங்க எல்லாம் வச்சிருக்கிற பெரிய டேட்டாபேஸ் ஒண்ணு. சும்மாவே கிடைக்கிற சின்னது ஒண்ணு. நமக்கு எது சரின்னு எழுதிக் கொடுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்க பேரும் அதுல இருக்கும்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. யாரிடமும் அவர் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. அதனாலேயே அவர் சாதாரணமாகச் சொன்னதைக்கூட நான் அன்று முழுவதும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியதை விற்கிறவர் சென்னையிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்தார். படம் படமாகப் போட்டுக் காட்டினார். கிளம்பும்போது கதவருகே நின்று, "மேடம், இதை வாங்கிட்டீங்கன்னா அப்புறம் உங்களை யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார். அவர் காட்டிய படங்களெல்லாம் மறந்துவிட்டன. இந்த வாக்கியம் மட்டும் மறக்கவில்லை. அவர் சொன்னது உண்மைதான். பெரியது படுத்தால், "அதுவே படுத்துடுச்சு, இந்தப் பொண்ணு என்ன செய்யும்" என்பார்கள். சின்னது படுத்தால், "இதை எதுக்குப் போட்டா" என்பார்கள். வேலையைக் காப்பாற்றிக்கொள்வதுதான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை. ஊரில் அம்மாவிடம் வேலை போய்விட்டது என்று எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் உட்கார்ந்து வார்த்தைகளை அடுக்கிப் பார்த்த நாட்களும் உண்டு.

என்னோடு கல்லூரியில் படித்தவள் ஒருத்தி மறைமலை நகரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் இருந்தாள். அங்கே பெரியதைத்தான் வைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை அனுமதி வாங்கி உள்ளே அழைத்துப்போய்க் காட்டினாள். டேட்டாபேஸ் ஓடுகிற சர்வருக்கென்று தனி அறை, நடுங்க வைக்கிற ஏசி, அதைப் பார்த்துக்கொள்ள மட்டுமே இரண்டு பேர்.

"பிரச்சினை வருமாடி?" என்று கேட்டேன்.

"வராது. வந்தா நாங்க தொட மாட்டோம். போன் போட்டுட்டு அப்படியே நிப்போம்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களிடம் அந்த இரண்டு பேர் இல்லை. நான் மட்டும்தான்.

எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டையும் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். விற்பனைக்காரரிடம் கேட்டு பெரியதை ஒரு கம்ப்யூட்டரில் தற்காலிகமாகப் போடவைத்தேன். சின்னதை நானே இன்னொன்றில் போட்டேன். துணைக்கு டிஸ்பாட்ச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். லாரியில் சரக்கு ஏற்றி அனுப்புவது அவர் பொறுப்பு. பக்கத்துக் கிராமத்துக்காரர். லைன் நின்றால் எனக்கு அடுத்து அவர் தலைதான் உருளும்.

"இன்னாம்மா பண்ணப் போற?"

"லேபிள் அடிச்சிட்டு இருக்கும்போதே கரண்ட் போனா என்ன ஆகுதுன்னு பாக்கணும்ணே. நான் சொன்னதும் பிளக்கைப் புடுங்கிருங்க."

"நல்லா ஓடிக்கினு கீறத நாமளே புடுங்கணுமா?"

பட்டாசுத் திரியில் நெருப்பு வைக்கிறவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிடுங்கினார். திரும்பத் திரும்பப் பிடுங்கினோம். பெரியது ஒரு பதிவைக்கூட விடவில்லை. ஆனால் எழுந்து வர நிறைய நேரம் எடுத்துக்கொண்டது. ஒரு தடவை, நான் பார்த்தே இராத ஒரு செய்தியைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. சென்னைக்குப் போன் செய்தேன். இன்ஜினியர் அம்பத்தூரில் இருக்கிறார், சொல்லிவிடுகிறோம் என்றார்கள். அவர் மறுநாள் மத்தியானம் வந்தார். எதையோ மளமளவென்று தட்டினார், சரியாகிவிட்டது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தும் அவர் என்ன செய்தார் என்று எனக்குப் புரியவில்லை.

சின்னது உடனே எழுந்தது. பாதியில் நின்ற ஒரு லேபிளை மட்டும் விட்டுவிட்டு மற்றவையெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நிம்மதி வரும்போலிருந்தது. அடுத்து, பல கம்ப்யூட்டர்களிலிருந்து ஒரே சமயத்தில் எழுதவைத்துப் பார்த்தேன். யாரையும் எழுதவிடாமல் பூட்டிக்கொண்டது. ஒரு முறை, எல்லாப் பதிவும் அடங்கிய அந்த ஒரே பைல் திறக்கவே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவருக்கு நடந்தது இதுதானோ என்று தோன்றியது.

கடைசியில் சின்னதையே எழுதிக் கொடுத்தேன், ஒரு நிபந்தனையோடு. லேபிள் அறையில் இருக்கிற ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் அதில் எழுத வேண்டும். மற்றவர்கள் நகலைப் பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. அவ்வப்போது அந்தப் பைலின் நகல் ஆபீசில் இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டருக்குத் தானாகப் போய்விடும்.

மேனேஜர் அதை மெதுவாகப் படித்தார். "லைன் நின்னா நான் அவங்ககிட்ட என்ன சொல்றது? சும்மா கிடைச்சதைப் போட்டோம்னா?"

"பெரியது நின்னா அதை எழுப்ப இங்க ஆள் இல்லை சார். இது நின்னா எனக்கு எழுப்பத் தெரியும்."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா?"

கேட்டுவிட்டு அவரே பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டு, "சூப்பர்வைசருக்கும் சொல்லிக் கொடுங்க" என்றார்.

அதன் பிறகு எனக்குப் பிடித்த உணவே ருசிக்காமல் போயிற்று. நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரர் வீட்டில் போன் அடித்தால் எனக்குத்தான் என்று நினைப்பேன். காலையில் பஸ் கம்பெனிக்குள் திரும்பும்போது, போயிருக்க வேண்டிய லாரி இன்னும் நிற்கிறதா என்று ஜன்னல் வழியாகத் தேடுவேன்.

ஐப்பசி மழையில் அந்த நாள் வந்தது. மத்தியானம், லாரியில் பாதிக்கு மேல் ஏற்றியாகிவிட்டது. பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. விளக்குகள் கண் சிமிட்டின. லேபிள் அறைக் கம்ப்யூட்டர் அணைந்து, கருகின வாடை வந்தது. என்ன செய்தும் அது உயிர் பெறவில்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஓடினேன். நகல் இருந்தது, நன்றாகத் திறந்தது. ஆனால் கடைசி நகலுக்குப் பிறகு அடித்த லேபிள்கள் அதில் இல்லை. அப்படியே தொடர்ந்தால் ஏற்கெனவே பெட்டியில் ஒட்டிய எண்களே மறுபடியும் வரும். கார் தொழிற்சாலை கேட்டில் அதைக் கண்டுபிடித்தால் லாரியையே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சூப்பர்வைசர் வந்து நின்றார். "இன்னா செய்யணும் சொல்லுமா."

"அடிச்ச லேபிள் எல்லாம் பெட்டி மேலதான இருக்குண்ணே. ஒண்ணு விடாமப் பாத்து, நகல்ல இல்லாததை மறுபடி ஏத்தணும்."

லாரிக்குள் ஏறினோம். அவர் எண்களை வாசிக்க, நான் அட்டைத் துண்டில் எழுதினேன். தார்ப்பாய் மேல் விழுந்த மழையில் பாதி காதில் விழவில்லை. உள்பக்கம் இருந்த பெட்டிகளின் லேபிள்கள் மறைந்திருந்தன. டிரைவர் வாட்சைப் பார்த்தபடி, "நேரமாவுது மேடம்" என்றார். மேனேஜர் குடையோடு வந்து நின்றார்.

"முன் வரிசையை இறக்கணும்ணே" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

சூப்பர்வைசர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். லைன் நின்றால் இந்த இறக்குகிற நேரத்தால்தான் நின்றது என்று ஆகும். இறக்காமல் விட்டு எண் மோதினால் அதற்கும் நான்தான்.

"இறக்குங்க" என்றார் மேனேஜர்.

உள்ளே நகலில் இல்லாத பெட்டிகள் இருந்தன. எண்களை ஏற்றினேன். மீதிப் பெட்டிகளுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்தே புது லேபிள் அடித்தோம். எண் எதுவும் மோதவில்லை. எல்லாவற்றையும் ஏற்றியதும் லாரி கிளம்பிப் போனது.

அதற்கப்புறம்தான் பெரிய வேதனை. மேனேஜர் கார் தொழிற்சாலை கேட்டுக்குப் போன் செய்தார், வண்டி வரவில்லை என்றார்கள். ஏரி பக்கம் சாலையில் தண்ணீர் ஓடுகிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். நான் பழையவரின் சீப்பு கிடந்த அந்த டிராயரையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது போன் வந்தது. மேனேஜர் கேட்டுவிட்டு வைத்தார். "உள்ள போயிடுச்சாம். லைன் ஓடுது."

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது சூப்பர்வைசர் டீயோடு நின்றார். "எங்க வூட்ல யாருக்கோ ஆபரேஷன் நடந்த மாதிரி இருந்துச்சிம்மா" என்றார்.

என்னை யாரும் பாராட்டவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. புதுக் கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு லேபிளுக்கும் உடனுக்குடன் நகல் போகும்படி மாற்றினேன். பின்னால் கம்பெனி இரண்டாவது கட்டடம் கட்டி, பல இடங்களிலிருந்து எழுத வேண்டிய நிலை வந்தபோது, பெரியதை வாங்கலாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். பார்த்துக்கொள்ள ஆட்கள் வேண்டும் என்றும் அதிலேயே எழுதினேன். அதே விற்பனைக்காரர் வந்தார். என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. புதிதாக இரண்டு பேரை எடுத்தார்கள். அவர்கள் சர்வர் முன்னால் நிற்கிற நிற்பைப் பார்த்தாலே உள்ளுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கல்யாணமாகி நான் சென்னைக்கு வந்த பிறகும் சூப்பர்வைசர் எப்போதாவது போன் செய்வார், பெரும்பாலும் மழை நாளில். நலம் விசாரித்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்.

"இங்க நல்ல மழம்மா. எல்லாம் ஓடிக்கினு கீது."