அழித்த பெயர்

ஒன்பது வருடம் அந்த எக்ஸ்ரே மையத்தின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தவள் அவள். முதலாளி வேறு யாருமில்லை, சொந்த அக்காவின் புருஷன். நான்கு மாதத்துக்கு முன், "எல்லாம் தானா ஓடுது, உனக்கு இங்க என்ன வேலை?" என்று நோயாளிகள் முன்னால் கேட்டு வெளியே அனுப்பினார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது.

இன்று காலை அக்காதான் போன் செய்தாள். "படமெல்லாம் சேத்து வைக்கிற பெட்டி எந்த கம்ப்யூட்டர்லயும் தெறக்க மாட்டேங்குதுடி. எனக்காக வா."

போனாள். கட்டுப்போட்ட கையும் காலுமாக இருபது பேர் காத்திருந்தார்கள். உள்ளே கால் வைப்பதற்குள் மாமா ஆரம்பித்துவிட்டார்.

"போறப்ப என்னத்தையோ செஞ்சு வச்சிட்டுப் போயிருக்க."

"செய்யணும்னா அன்னிக்கே செஞ்சிருப்பேன் மாமா. நாலு மாசம் எதுக்குக் காத்திருக்கணும்?"

பெட்டியில் விளக்குகள் எரிந்தன. வயர் சரி. நெட்வொர்க்கில் கூப்பிட்டால் பதிலும் வந்தது. உள்ளே விட மட்டும் மறுத்தது: 'அனுமதி இல்லை.' பெட்டியின் அமைப்புகளைப் பார்க்கப் பாஸ்வேர்டு கேட்டாள்.

"நானே அடிக்கிறேன். நீ அந்தப் பக்கம் திரும்பு."

பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

திறந்ததும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பெட்டி குறித்து வைக்கும் பதிவேடு காட்டிக்கொடுத்தது. நேற்று மாலை ஐந்து நாற்பதுக்கு, மாமாவின் அறைக் கம்ப்யூட்டர் வழியாக ஒரு பயனர் பெயர் அழிக்கப்பட்டிருந்தது. அவள் பெயர். மையத்தின் ஆறு கம்ப்யூட்டர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பெட்டிக்குள் நுழைந்துகொண்டிருந்தன. காலையில் போட்டதும் ஆறும் வெளியே நின்றுவிட்டன.

"என் பேரை எதுக்கு அழிச்சீங்க?"

"இங்க இல்லாதவ பேரு இங்க எதுக்கு? என் மையத்தை உன் பேர்ல ஓட்டினது மட்டும் நியாயமா?"

சுருக்கென்று தைத்தது. பொதுப் பெயரில்தான் அமைத்திருக்க வேண்டும். முதல் நாள் அவசரத்தில் தன் பெயரைக் கொடுத்தாள். பிறகு மாற்றாமல் விட்டதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதை இந்த மனிதரிடம் ஒப்புக்கொள்ளாமல் கீபோர்டுப் பக்கம் திரும்பினாள்.

'எக்ஸ்ரே அறை' என்று புதுப் பயனரை உருவாக்கி, அனுமதி கொடுத்து, ஆறு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொன்றாக மாற்றினாள். அரை மணி நேரத்தில் பழைய படங்கள் வரிசையாக வந்தன. வெளியே முதல் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

"இனிமே உன் தயவு வேணாம்ல?" என்றார் மாமா.

"வேணும்னாலும் வேற ஆளைப் பாருங்க."

அக்கா தண்ணீர் டம்ளரோடு வாசல்வரை ஓடிவந்தாள். "எங்கிட்ட என்னடி கோபம்?"

"அன்னிக்கு அவர் பேசினப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

அக்கா டம்ளரை நீட்டினாள். அதை வாங்காமலே அவள் படியிறங்கினாள்.