கூடத்துக்கு வந்த கம்ப்யூட்டர்

பிரிக்பீல்ட்ஸில் தங்கரத்தினம் வீட்டு டெலிபோன் கூடத்தில், அவருடைய சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. கணவனை இழந்து அவரோடு வந்து சேர்ந்த தங்கை கனகேஸ்வரிக்கு அந்த லைன் வேண்டியிருந்தது. ஸ்ரீ கெம்பாங்கானில் அச்சகம் வைத்திருந்த கௌஸுக்கு அவள் டைப் அடித்துக் கொடுத்து வந்தாள். தொண்ணூற்றேழில், இனி எல்லாம் ஈமெயிலில்தான் என்று கௌஸ் சொல்லிவிட்டான்.

கம்ப்யூட்டரைக் கூடத்தில் வைக்க அண்ணன் விடவில்லை. அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பத்துப் பெண் கூலிக்கு டைப் அடிப்பதை வருகிறவர்கள் பார்க்கலாமா? மானம் போய்விடுமாம். அவள் சம்பளத்தில் வாங்கிய மீனைச் சப்புக்கொட்டித் தின்னும்போது அந்த மானம் எங்கே போயிருந்ததோ!

பின்னறைக்கு அவரே வயர் இழுத்தார். பத்துமலைத் தண்ணீர்ப் பந்தலில் ஒலிபெருக்கிக்குக் கட்டி மிச்சமான பழைய வயரை அங்கங்கே முறுக்கி ஒட்டி, சமையலறை வழியாகக் கொண்டுவந்தார். அன்று பிடித்தது சனியன். லைன் கரகரத்தது, ஆமையாய் நகர்ந்தது, பாதியில் அறுந்தது.

"அண்ணே, நல்ல டெலிபோன் வயரா மாத்துங்க. இதாலதான் ஸ்லோ."

"வயர்னா வயர்தான். எல்லாம் செம்புதானே? எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை கௌஸ் போன் செய்தான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. மத்தியானத்துக்குள்ள ஃபைல் வரலைன்னா வேற ஆளப் பார்த்துக்கிறேன் லா."

அன்றுதான் கிள்ளானிலிருந்து முத்துக்குமாரு குடும்பம் அண்ணன் மகனுக்குச் சம்பந்தம் பேச வந்திருந்தது. பின்னறையில் ஃபைல் பாதி போவதற்குள் லைன் மறுபடி மறுபடி அறுந்தது. இந்த வேலையும் போனால் காலமெல்லாம் அண்ணன் கையைப் பார்த்துக் கிடக்க வேண்டியதுதான். கனகேஸ்வரி எல்லாவற்றையும் பிடுங்கினாள். மானிட்டரைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தாள்.

"உள்ள போ!" அண்ணன் உறுமினார்.

காதில் வாங்கவில்லை. மற்றதையும் கொண்டுவந்து வைத்தாள். டெலிபோனைக் கழற்றி, கம்ப்யூட்டரை லைனோடு சேர்க்கும் மோடத்தை அந்த இடத்தில் சுவரிலேயே நேராகச் சொருகினாள். அது கீச்சிட்டுப் பிடித்துக்கொண்டது. ஃபைல் தடங்கலில்லாமல் ஓடியது.

"என்னம்மா வேலை இது?" என்று முத்துக்குமாருவின் மனைவி கேட்டார்.

"அது சும்மா, பொழுதுபோக்குக்கு..." என்று தங்கரத்தினம் முந்திக்கொண்டார்.

"அச்சகத்துக்கு டைப் அடிக்கிறேன் ஆன்டி. கூலிக்கு. நீங்க பார்க்கக்கூடாதுன்னுதான் அண்ணன் என்னைப் பின்னால வச்சிருந்தாரு."

சொல்லிவிட்டு மானிட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஃபைல் முழுதாகப் போய்ச் சேரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.